பழைய ஜீப்பில் கிளட்ச் இணைப்பு தேய்ந்தால்: அறிகுறி பார்த்துப் பழுது கண்டறியும் முறை

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளில் கிளட்சுக்கு ஓய்வே கிடையாது. கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மிதிக்க வேண்டும். எதிரே பேருந்து வந்தால் ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். வண்டன்மேட்டுப் பக்கத்துத் தோட்டப் பாதையில் இறங்கிவிட்டால் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையிலேயே நாள் போய்விடும். இப்படி உழைக்கிற வண்டியில் கியர் கடிக்கத் (கரகரவென்று உரசி விழ மறுக்கத்) தொடங்கியதும் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது "பிளேட் போய்விட்டது" என்பதுதான். பிளேட் என்பது இன்ஜின் சுழற்சியைக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் வட்டத் தகடு. அதைப் பார்க்க வேண்டுமானால் கியர் பாக்ஸையும், அதனோடு ஒட்டி, சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்க வேண்டும். அது ஒரு முழு நாள் வேலை. ஆனால் பெடலுக்கும் பிளேட்டுக்கும் நடுவிலுள்ள பின்களும் தண்டுகளும் கேபிளும் வண்டிக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. அவற்றைச் சோதிக்க ஒரு மணி நேரமும் ஒரு டார்ச் விளக்கும் போதும். அந்தச் சோதனை முடியாமல் கியர் பாக்ஸில் ஸ்பானர் வைக்கக் கூடாது என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லப்படுபவை சிஜே 3பி ஜீப்பை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. வில்லிஸ் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட இந்த வண்டியை மஹிந்திரா நிறுவனம் உரிமம் பெற்று நம் நாட்டில் நெடுங்காலம் தயாரித்தது. ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின் உயரமானது என்பதால் பானட்டும் உயர்ந்திருக்கும். தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். எங்கள் பக்கத்தில் பல வண்டிகளில் அந்த இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியிருக்கிறார்கள். அதனால் கிளட்ச் இணைப்பில் வரும் தனிச் சிக்கல் ஒன்றையும் உரிய இடத்தில் சொல்கிறேன். ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள பிற்கால வண்டிகளுக்கு இது பொருந்தாது.

முதலில் இணைப்பின் வழியைத் தெளிவாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பெடல், சேசிஸில் உள்ள தண்டின் மேல் புஷ் (உலோக உறை) வைத்துச் சுழல்கிறது. பெடலின் கீழ்க்கையிலிருந்து ஒரு சிறிய கம்பி குறுக்குத் தண்டின் ஒரு நெம்புகோலுக்குப் போகிறது. குறுக்குத் தண்டு என்பது சேசிஸுக்கும், கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவில் படுத்திருக்கும் ஒரு குழாய். அதன் இரு முனைகளும் பந்து போன்ற திருகாணிகளின் மேல் உட்கார்ந்து சுழல்கின்றன. ஒரு முனை சேசிஸோடும் மறுமுனை இன்ஜினோடும் சேர்ந்திருப்பதால் இன்ஜின் குலுங்கினாலும் இணைப்பு முறுக்கிக்கொள்ளாது. அதற்காகவே அந்தப் பந்து. குழாயின் மறு நெம்புகோலிலிருந்து ஒரு கேபிள் கிளட்ச் ஃபோர்க்கின் வெளிமுனையை இழுக்கிறது. சில வண்டிகளில் கேபிளை எடுத்துவிட்டுக் கம்பி போட்டிருப்பார்கள். ஃபோர்க் பெல் ஹவுசிங்குக்குள் ஒரு பந்தின் மேல் நெம்பி, ரிலீஸ் பேரிங்கைப் பிரஷர் பிளேட்டின் விரல்கள் மேல் தள்ளுகிறது. பிளேட்டை, இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீலின் மேல் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட்; விரல்கள் அமுங்கினால் அந்தப் பிடி விடும். ஆக, மிதிக்கும் காலுக்கும் விரல்களுக்கும் நடுவில் ஏழெட்டு மூட்டுகள் உள்ளன.

இனி வரும் எல்லாவற்றுக்கும் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று ப்ளே, இது வேண்டுமென்றே விடப்படும் இடைவெளி. பெடலை விட்டிருக்கும்போது ரிலீஸ் பேரிங் விரல்களைத் தொடாமல் விலகி நிற்க வேண்டும் என்பதற்காக விடப்படுவது. இன்னொன்று ஆட்டம், இது தேய்மானத்தால் வந்த தளர்வு, யாரும் விட்டதன்று. பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே வெறுமையாக இறங்கும். ஆகவே பெடலில் 40 மி.மீ. வெறும் ஓட்டம் இருந்தும் பேரிங்கில் ஒரு மி.மீ. இடைவெளிகூட இல்லாத வண்டிகள் உண்டு. பெடலை மட்டும் பார்த்துக் கிளட்ச் சரிசெய்கிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

சிறு தேய்மானம் எப்படிப் பெரிதாகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். என் வண்டியில் பெடல் தண்டிலிருந்து மிதிக்கும் இடம்வரை 280 மி.மீ.; தண்டிலிருந்து கீழ்க்கையின் பின் வரை 50 மி.மீ. அதாவது கால் 5.6 மி.மீ. இறங்கினால் பின் 1 மி.மீ. நகரும். குறுக்குத் தண்டின் இரு நெம்புகோல்களும் ஏறக்குறைய ஒரே நீளம் என்பதால் இந்த விகிதம் ஃபோர்க்கின் வெளிமுனைவரை மாறுவதில்லை. இந்த வழியில் ஆறு இடங்களில் அரை மி.மீ. வீதம் தேய்ந்திருந்தால் மொத்தம் 3 மி.மீ.; காலடியில் அது ஏறத்தாழ 17 மி.மீ. பெடலின் முழு ஓட்டம் 140 மி.மீ., முறையான ப்ளே 25 மி.மீ. என்று கொண்டால் வேலை செய்ய மிஞ்ச வேண்டியது 115 மி.மீ.; தேய்ந்த வண்டியில் மிஞ்சுவது 98 மி.மீ. மட்டுமே. பிரஷர் பிளேட் முழுதாக விடுபடுவதற்குச் சற்று முன்பே பெடல் தரைத் தகட்டில் முட்டிவிடுகிறது. அரை மி.மீ. என்பது கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவு. உங்கள் வண்டியின் நீளங்கள் வேறாக இருக்கலாம். டேப் வைத்து அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடியில் படுப்பதற்கு முன் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டை கொடுக்க வேண்டும். மலையில் கைக்குக் கிடைத்த கல்லை வைப்பது வழக்கம். சாலையோரத்தில் ஸ்டெப்னி மாற்ற அது போதும், அடியில் படுத்து வேலை செய்யப் போதாது, ஏனெனில் உருண்டைக் கல் நழுவும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சோதனைகளுக்கு இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஓட வைக்க வேண்டிய சோதனையின்போது அடியில் ஆள் இருக்கக் கூடாது.

அறிகுறி: பெடல் முழுதாக மிதித்தும் முதல் கியரும் ரிவர்ஸும் கடிக்கின்றன

இதுவே பெரும்பாலோர் கொண்டுவரும் குறை; இதில்தான் அதிகத் தவறும் நடக்கிறது. இந்த வண்டியின் மூன்று கியர் பாக்ஸில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்குச் சின்க்ரோ (கியர் கடிக்காமல் விழச் சுழற்சி வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) உண்டு. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் கிடையாது. ஆகவே கிளட்ச் நன்றாக இருந்தாலும் மிதித்த உடனே ரிவர்ஸ் போட்டால் சிறிது கடிக்கும். சரியான சோதனை இதுதான்: இன்ஜின் மெதுவாக ஓடட்டும்; நியூட்ரலில் பெடலை முழுதாக மிதித்து, மனத்துக்குள் ஐந்து எண்ணி, பிறகு ரிவர்ஸ் போடுங்கள். அந்த ஐந்து நொடியில் பிளேட் சுற்று நின்றுவிட வேண்டும். சத்தமின்றி விழுந்தால் கிளட்ச் விடுகிறது என்று பொருள். அப்போதும் கரகரவென்றால் கிளட்ச் முழுதாக விடவில்லை.

விடாததற்கு இணைப்பு காரணமா, உள்ளே வேறு காரணமா என்று பிரிக்க எளிய வழி உண்டு. கேபிள் முனையில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, தற்காலிகமாக இரண்டு மூன்று சுற்று இறுக்கிவிட்டு, அதே ஐந்து நொடிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். கடிப்பு மறைந்தால் குறை இணைப்பின் ஓட்டத்தில்தான் இருக்கிறது. துளியும் மாறவில்லையென்றால் பிளேட் ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம், பிளேட் வளைந்திருக்கலாம், அல்லது ஃபிளைவீல் நடுவில் கியர் பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ் அந்தத் தண்டோடு பிடித்துக்கொண்டிருக்கலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் இரண்டு மாதம் தோட்டத்துக் கொட்டகையில் ஓடாமல் நின்ற வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஒட்டுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. சோதனை முடிந்ததும் கேபிளை மறக்காமல் பழைய இடத்துக்கே திருப்புங்கள். இந்தத் தற்காலிக இறுக்கத்தையே நிரந்தரப் பழுதாக வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் ரிலீஸ் பேரிங்குகள் எரிவதற்கு முதல் காரணம். இறுக்கியதும் கியர் விழும், ஓட்டுநர் மகிழ்வார். ஆனால் ப்ளே போய்விட்டதால் பேரிங் எந்நேரமும் விரல்களோடு உரசிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

நானும் இந்தத் தவற்றுக்கு விலை கொடுத்தவன். சில ஆண்டுகளுக்கு முன் கம்பம்மெட்டு ஏற்றத்தில் என் வண்டி முதல் கியருக்கு வர மறுத்தது. ஒரு பட்டறையில் விட்டேன்; கியர் பாக்ஸை இறக்கிப் புது பிளேட், புது பேரிங் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் ரிவர்ஸ் போட்டபோது அதே கரகரப்பு. அதன்பின் கேரள எல்லைக்கு அப்பால் வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரை அங்கே எல்லாரும் "ஆசானே" என்றுதான் அழைக்கிறார்கள். அவர் பெடலைத் தொடவேயில்லை. அடியில் போய்க் குறுக்குத் தண்டின் நெம்புகோலிலிருந்து ஒரு பின்னை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். இரு நுனிகளிலும் பழைய கனம் அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் ஒரு பக்கம் அரிக்கப்பட்டு, கரும்பைக் கடித்து வைத்ததுபோல் இடுப்பு மெலிந்திருந்தது. அந்தப் பின் நுழைந்திருந்த துளையோ வட்டமாக இல்லை, முட்டை வடிவில் நீண்டிருந்தது. "தம்பி, புது பிளேட்டுக்கு இந்தப் பின் எப்படிச் சேதி சொல்லும்?" என்று கேட்டார். அந்தப் பின் இன்றும் என் கருவிப்பெட்டியில் இருக்கிறது.

ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று தேட இரண்டு பேர் வேண்டும். இன்ஜின் அணைந்த நிலையில் ஒருவர் பெடலைக் கையால் மெல்ல அமுக்கி விட வேண்டும். மற்றவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் விரல் நுனியை இரு பாகங்களையும் ஒருசேரத் தொடும்படி வைக்க வேண்டும். ஒரு பாகம் நகர்ந்தும் அடுத்தது நகராமல் நிற்கும் அந்தக் கணம் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். கண்ணைவிட விரல் இதில் நம்பத் தகுந்தது. பெடலிலிருந்து தொடங்கி ஃபோர்க்கை நோக்கி வரிசையாகப் போங்கள்: பெடல் புஷ், கீழ்க்கைப் பின், கம்பியின் மறுமுனை, குறுக்குத் தண்டின் சேசிஸ் பக்கப் பந்து, இன்ஜின் பக்கப் பந்து, கேபிள் முனையின் கவை (யோக்), ஃபோர்க் முனை. ஒவ்வோர் இடத்திலும் எவ்வளவு என்பதைச் சாக்பீஸால் சேசிஸிலேயே எழுதி வையுங்கள். பெடலை இடவலமாக அசைத்தும் பாருங்கள். மிதிக்கும் பலகை விரற்கடை அளவு பக்கவாட்டில் ஆடினால் பெடல் புஷ் முடிந்துவிட்டது.

குறுக்குத் தண்டின் பந்துகளுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு முனையில் பெடல் இழுக்கிறது, மறுமுனையில் கிளட்ச் எதிர்க்கிறது. ஆகவே பந்தும் அதன் இருக்கையும் தேய்ந்திருந்தால் குழாய் சுழல்வதற்கு முன் குறுக்காகத் திரும்பிக்கொள்ளும். கையால் பெடலை அமுக்கும்போது இது தெரியாமல் போகலாம். காலால் ஓங்கி மிதிக்கும்போதுதான் குழாயின் ஒரு முனை முன்னும் மறுமுனை பின்னுமாக விலகுவது தெரியும். எனவே கடைசியாக ஒருமுறை முழு பலத்தோடு மிதிக்கச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: ஏற்றத்தில் இன்ஜின் கத்துகிறது, வண்டி ஏறவில்லை, கருகல் வாடை வருகிறது

கிளட்ச் நழுவுகிறது. பிளேட் தேய்ந்து முடிந்திருக்கலாம் அல்லது இன்ஜின் ஆயில் கசிந்து பிளேட்டில் பட்டிருக்கலாம். ஆனால் அதற்கு முன் இணைப்பு முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள். பெடலை விட்ட நிலையில் ஃபோர்க்கின் வெளிமுனையைக் கையால் பிடித்து ஆட்டினால் ஏறத்தாழ 4 மி.மீ. தளர்வாக அசைய வேண்டும். பேரிங்கில் அது 2 மி.மீ. இடைவெளிக்குச் சமம். ப்ளேயை அளக்க வேண்டிய இடம் இதுவே. பெடலில் எவ்வளவு வெறும் ஓட்டம் இருந்தாலும் ஃபோர்க் முனை இறுகி நின்றால் கிளட்ச் எப்போதும் கால் வாசி மிதிபட்ட நிலையிலேயே இருக்கிறது என்று பொருள்.

அதற்குக் காரணம் அளவுக்கு மீறிய இறுக்கமாக இருக்கலாம். அல்லது குறுக்குத் தண்டின் பந்துகளில் சேறு இறுகித் தண்டு திரும்பி வராமல் நிற்கலாம். ரிட்டர்ன் ஸ்பிரிங் தளர்ந்தோ கழன்றோ இருக்கலாம். இடுக்கிப் பக்கத்துச் செம்மண் சேறும் பழைய கிரீஸும் கலந்தால் அரைப்புப் பசை போலாகிவிடும். மூட்டைத் தேய்ப்பதும் அதுதான், காய்ந்தபின் பிடித்து நிறுத்துவதும் அதுதான். தண்டைக் கழற்றி டீசலில் கழுவித் துடைத்துவிட்டு, கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கிறதா என்று பாருங்கள். பிடித்திருக்கும் மூட்டை விட்டுவிட்டு அதைவிட வலிமையான ஸ்பிரிங் போடுவது பலர் செய்யும் குறுக்கு வழி. அதனால் கால் நோவதும் பின்கள் இன்னும் வேகமாகத் தேய்வதும்தான் மிச்சம்.

ஃபோர்க்கில் தளர்வு சரியாக இருந்தும் வண்டி நழுவினால் குறை உள்ளே இருக்கிறது. அப்போது கியர் பாக்ஸை இறக்குவதில் தவறில்லை. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கும். பெல் ஹவுசிங்குக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பட்டறைகளில் சிறு பையன்கள் ஏர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அந்தத் தூசியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

அறிகுறி: காலையில் ஒருவிதம், ஆள் ஏற்றிய பிறகு ஒருவிதம்

வெறும் வண்டியில் கியர் நன்றாக விழுகிறது. பாரம் ஏற்றி மெட்டு ஏறும்போது கடிக்கிறது, அல்லது வளைவில் மட்டும் கடிக்கிறது. இது பின் தேய்மானத்தைவிடக் கவலைப்பட வேண்டியது, ஏனெனில் இதில் ஏதோ ஒன்று வளைகிறது அல்லது விரிகிறது. குறுக்குத் தண்டின் சேசிஸ் பக்கப் பிராக்கெட்டை முதலில் பாருங்கள். சேற்றைச் சுரண்டிவிட்டு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்தால், வெல்டிங் ஓரத்தில் மயிரிழை போன்ற ஒரு செம்பழுப்புக் கோடு தெரியலாம். விரிசலின் இரு உதடுகளும் உரசி உரசிக் கக்கிய துருத்தூள்தான் அது. துடைத்துவிட்டு முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னால் அந்தக் கோடு திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

பிராக்கெட் நன்றாக இருந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பர்களைப் பாருங்கள். ஆயிலில் ஊறிப் பஞ்சுபோல் ஆன ரப்பரில் இன்ஜின் பாரத்துக்கும் வளைவுக்கும் ஏற்ப இடம் மாறும். தண்டின் ஒரு முனை இன்ஜினில் இருப்பதால் கிளட்ச் பிடிக்கும் இடமும் அதோடு மாறும். சில வண்டிகளில் இன்ஜினுக்கும் சேசிஸின் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கேபிள் கட்டப்பட்டிருக்கும். கிளட்ச் மிதிக்கும்போது இன்ஜின் முன்னோக்கி நகராமல் தடுப்பது அதன் வேலை. இது எதற்கென்று தெரியாமல் கழற்றி எறிந்துவிட்ட வண்டிகள் ஏராளம். இருந்தால் தொய்வில்லாமல், அதே சமயம் இழுத்துப் பிடிக்காமல் இருக்கும்படி சரிசெய்யுங்கள்.

டீசல் இன்ஜின் ஏற்றிய வண்டிகளில் இங்கே தனிச் சிக்கல் உண்டு. பெல் ஹவுசிங் பழைய இடத்தில் இல்லாததால் நெம்புகோலை வளைத்தோ துண்டு வைத்து வெல்டு செய்தோ கேபிளை எட்ட வைத்திருப்பார்கள். பெடலைப் பாதி மிதித்த நிலையில் நெம்புகோலும் கேபிளும் ஏறக்குறையச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். தொடக்கத்திலேயே செங்கோணத்தைத் தாண்டியிருந்தால், மிதிக்க மிதிக்க ஓட்டம் குறைந்துகொண்டே போகும்; எல்லாப் பின்னையும் புதிதாக மாற்றினாலும் கியர் கடிக்கும். நெம்புகோலைச் சரியான கோணத்தில் புதிதாகச் செய்வது தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: வண்டி எடுக்கும்போது உதறுகிறது

பெரும்பாலும் மேலே சொன்ன மவுண்டிங் ரப்பர், இன்ஜினைக் கட்டும் கேபிள், குறுக்குத் தண்டின் பந்து ஆகியவையே காரணம். கிளட்ச் பிடிக்கத் தொடங்கியதும் இன்ஜின் அசைகிறது, அந்த அசைவு குறுக்குத் தண்டு வழியாகக் கிளட்சை மறுபடி விடுவிக்கிறது, இன்ஜின் திரும்புகிறது, மறுபடி பிடிக்கிறது. இது நொடிக்குப் பலமுறை நிகழ்வதே உதறல். இவற்றில் குறையில்லையெனில் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெல் ஹவுசிங்கின் அடியில் ஆயில் சொட்டிய தடம் இருந்தால் ஐயம் உறுதி.

அறிகுறி: சத்தம்

சத்தம் எப்போது வருகிறது என்பதே விடை சொல்லும். பெடலை இலேசாகத் தொட்டதும் கீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பேரிங். பெடல் விட்டிருக்கும்போது இரைந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் முன் பேரிங். முழுதாக மிதித்து கியரில் நிற்கும்போது மட்டும் வந்தால் பைலட் புஷ். இன்ஜின் அணைந்திருக்கும்போதும் பெடலோடு சேர்ந்து கிறீச்சிட்டாலோ "டக்" என்றாலோ அது இணைப்பின் மூட்டு. கிரீஸ் வறண்டுவிட்டது அல்லது பின் துளையில் ஏறி இறங்குகிறது.

அறிகுறி: பெடல் திடீரென்று தரையோடு விழுந்துவிட்டது

கேபிள் அறுந்திருக்கும், அல்லது காட்டர் பின் தேய்ந்து விழுந்து யோக் பின் கழன்றிருக்கும். மலைச்சாலையில் இது நேர்ந்தால் முதலில் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, கியரிலேயே விட்டு இன்ஜினை அணைத்து, கைப்பிரேக் போட்டுக் கட்டை கொடுங்கள். கழன்ற பின்னுக்குப் பதில் சரியான கனமுள்ள போல்ட்டும் நட்டும் போட்டு, ஊர்ந்து வீடு சேரலாம். கிளட்ச் இல்லாமல் செல்ஃப் அடித்து முதல் கியரில் எடுக்கும் வித்தை தெரிந்தவர்கள் சமதளத்தில் அதைச் செய்யலாம். இறக்கத்தில் ஆளோடு செய்யக் கூடாது.

பழுது பார்த்தல்

தேய்ந்த மூட்டுகளைக் கழற்றியபின் பின்னையும் துளையையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். துளை வட்டமாகவே இருந்தால் புதுப் பின் போதும். துளை முட்டை வடிவானால் புதுப் பின் போட்டும் பயனில்லை. அதற்கு இரு வழிகள் உண்டு. துளையைச் சுற்றிச் சதை (உலோகம்) போதுமான அளவு இருந்தால் பெரிதாக்கி ரீமர் போட்டு, உள்ளே கன்மெட்டல் புஷ் இறக்கி, பழைய அளவுப் பின்னையே போடலாம். நான் விரும்புவது இதுதான். அடுத்த முறை புஷ் மட்டும் மாற்றினால் போதும், நெம்புகோலுக்குச் சேதமில்லை. சதை போதாதென்றால் துளையை வெல்டிங்கால் நிரப்பி, மறுபடி நடுப்புள்ளி குறித்துத் துளையிட வேண்டும். நடுப்புள்ளியைக் கழற்றுமுன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். கண்மதிப்பில் இரண்டு மி.மீ. தள்ளிப்போனால் நெம்புகோல் விகிதமே மாறிவிடும். கழற்றாத பாகத்தில் வெல்டு செய்வதானால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள்.

பின்னைச் சாதாரண இரும்புக் கம்பியில் வெட்டிப் போடுவது வீண். மென்மையான பின் சில மாதங்களிலேயே இடுப்பு மெலியும். லேத் பட்டறையில் நல்ல எஃகில் கடைந்து, மேல்தோல் மட்டும் இறுகும்படி கேஸ் ஹார்டனிங் செய்து தரச் சொல்லுங்கள். பின் கையால் தள்ளினால் நுழைய வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. சுத்தியால் அடித்தால்தான் நுழைகிறதென்றால் மூட்டு பிடித்துக்கொள்ளும், பெடல் திரும்பாது.

குறுக்குத் தண்டின் பந்துத் திருகாணிகள் கிடைத்தால் புதிதே போடுங்கள். கிடைக்காவிட்டால் வெல்டால் சதை ஏற்றி லேத்தில் உருட்டிக் கடையலாம். ஆனால் குழாயின் உள் இருக்கையும் தேய்ந்திருக்கும் என்பதால், பந்தில் நீலச்சாயம் தடவி வைத்துத் திருப்பி, சாயம் வளையமாக எங்கும் படிகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் இன்னும் பொருந்தவில்லை. ஃபெல்ட் வாஷர்களைப் புதிதாகப் போடாமல் பூட்டாதீர்கள். சேற்றைத் தடுப்பது அந்த மலிவான வளையம்தான். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

எல்லாம் பூட்டியபின் கிரீஸ் நிப்பிளில் கன் வைத்து, கறுத்த பழைய கிரீஸ் வெளியேறித் தெளிந்த கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். பிறகே ப்ளே வைக்க வேண்டும். லாக் நட்டைத் தளர்த்தி, ஃபோர்க் முனையில் 4 மி.மீ. வரும்படி கேபிளைத் திருப்பி, நட்டை இறுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். இறுக்கும்போது கேபிள் கொஞ்சம் திரும்பி அளவு மாறுவது வழக்கம். மூட்டுகளில் ஆட்டம் இல்லாத வண்டியில் இப்போது பெடலில் 20 முதல் 25 மி.மீ. வெறும் ஓட்டம் வரும். ஃபோர்க்கில் அளவு சரியாக இருந்தும் பெடலில் 40 மி.மீ. காட்டினால் ஏதோ ஒரு மூட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். மறுபடி விரலை வைத்துத் தேடுங்கள்.

காட்டர் பின்களைப் பழையதை நிமிர்த்திப் போடாமல் புதிதாகப் போட்டு, இரு கால்களையும் எதிரெதிராக மடக்குங்கள். ஐந்து நொடி ரிவர்ஸ் சோதனையைச் செய்துவிட்டு, வெறும் வண்டியாக ஒருமுறை மெட்டு ஏறி இறங்குங்கள். இறங்கியதும் வண்டி சூடாக இருக்கும்போதே ஃபோர்க் முனையை மறுபடி அளக்க வேண்டும். புது புஷ்களும் புதுக் கேபிளும் படிந்து உட்காரும்போது அளவு சிறிது மாறும் என்பதால், ஒரு வாரம் ஆள் ஏற்றி ஓட்டியபின் இன்னொரு முறை அளந்து லாக் நட்டை இறுக்குங்கள். அதன்பின் மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் மற்ற மாதங்களில் மாதம் ஒருமுறையும் குறுக்குத் தண்டுக்குக் கிரீஸ் அடித்தால் போதும்.